கலைத்துக் கலைத்துச் செய்த பாட்டு: பீட்டில்ஸின் 'ரிவால்வர்' பெட்டி

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், ஆனால் இரண்டு சிடிக்காக வாங்குங்கள். பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு 1966-இல் வெளியிட்ட ஆல்பம் 'ரிவால்வர்'. 2022 அக்டோபர் 28 அன்று வெளியான அதன் சூப்பர் டீலக்ஸ் பெட்டியில் ஐந்து சிடிக்கள், மொத்தம் 63 டிராக்குகள், நூறு பக்கத்துக்குக் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம். முதல் சிடியில் ஆல்பத்தின் புதிய ஸ்டீரியோ கலவை. நான்காவதில் 1966-இன் மோனோ கலவை, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வருவது. ஐந்தாவதில் அதே சமயத்தில் பதிவாகி சிங்கிளாக வந்த 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெயின்' இரண்டும், ஸ்டீரியோவிலும் மோனோவிலும். நடுவில் இருக்கும் இரண்டு 'செஷன்ஸ்' சிடிக்கள்தான் விஷயம். அவற்றில் 31 டிராக்குகள். பாதியில் நின்றவை, வேண்டாம் என்று ஒதுக்கியவை, வீட்டில் சாதாரண டேப் ரெக்கார்டரில் பாடி வைத்தவை எல்லாம் அதில்.

நான் ஒலிப்பதிவுக்கூடத்தில் கலவை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவள். ஒரு பாட்டு எப்படி வந்தது என்பதை விட எப்படியெல்லாம் வராமல் போயிருக்கும் என்பதில்தான் என் மனம் ஓடும். அதனால் இந்த இரண்டு சிடிக்களும் எனக்கென்றே போட்டுவைத்த மாதிரி இருக்கின்றன. இவற்றைக் கேட்ட பிறகு பீட்டில்ஸ் பற்றி எனக்குத் தோன்றுவது இதுதான்: நன்றாக வந்துவிட்ட ஒன்றைத் தூக்கி ஓரமாக வைக்கும் தைரியம் அவர்களுக்கு இருந்த அளவுக்கு வேறு எந்த ராக் குழுவுக்கும் இருந்ததாக நான் கேட்டதில்லை.

'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 20 அன்று ஒரு வடிவத்தை முழுசாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பன்னிரண்டு தந்தி கிடார் கணகணவென்று ஒலிக்க, அந்தக் காலத்து அமெரிக்கக் குழுவான பேர்ட்ஸின் சாயலில், கேட்கக் கேட்க இனிக்கும் ஒன்று. அதன் மேல் குழுவின் பாடகர்கள் லெனனும் மெக்கார்ட்னியும் குரல் கொடுக்கும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வர, வரி முழுக்கச் சிரிப்பாகிப் போகும் பதிவும் இதில் இருக்கிறது. சிரிப்புப் பதிவு ஏற்கெனவே பலருக்குத் தெரிந்ததுதான். சிரிப்பு இல்லாத அதே டேக்கை (ஒரு முறை வாசித்துப் பதிவு செய்ததை டேக் என்போம்) கேட்டால்தான் வயிற்றைக் கலக்குகிறது. இது போதுமே, இப்படியே வெளியிட்டிருக்கலாமே என்று தோன்றும். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 26 அன்று, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கிடார் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும் அந்த இறுக்கமான வடிவம், ஆல்பத்தில் நாம் கேட்பது, அதற்குப் பிறகுதான் பிறக்கிறது.

'காட் டு கெட் யூ இன்டு மை லைஃப்' இன்னும் தெளிவான உதாரணம். பெட்டியில் அதற்கு மூன்று டிராக்குகள். முதல் வடிவத்தில் ஆர்கன் இழுத்துக்கொண்டு நிற்க, பாட்டு நிதானமாக, ஏதோ பிரார்த்தனை போல நகர்கிறது. அப்புறம் அதைக் கைவிட்டுவிட்டு வேகமான தாளத்தில் இன்னொன்று. இரண்டாவது வடிவத்தின் ஒரு கலவையில், இன்றைக்கு நமக்குப் பித்தளை வாத்தியங்கள் கேட்கும் இடத்தில் கரகரக்கும் கிடார்கள் அதே மெட்டை வாசிக்கின்றன. இதைக் கேட்டதும் நான் டிராக்கை நிறுத்தி, ஆல்பத்தின் இறுதி வடிவத்தைப் போட்டு, திரும்ப இதைப் போட்டேன். கிடார் சொன்னதைத்தான் டிரம்பெட் சொல்கிறது. மெட்டு ஒன்று, வாய் மட்டும் வேறு. மே 18 அன்று மூன்று டிரம்பெட், இரண்டு டெனர் சாக்ஸபோன் வாசிப்பவர்களை வரவழைத்து, மைக்கை வாத்தியத்தின் வாய்க்குள்ளேயே நுழைப்பது போல நெருக்கி வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த ஊதல் முகத்தில் அறைகிற மாதிரி வருகிறது. பாட்டை எழுதிய அன்றே அதன் ஏற்பாடும் மனதில் இருந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்த மூன்று டிராக்குகளும் போதும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 1966-இன் தொடக்கத்தில் எடுப்பதாக இருந்த ஒரு படம் கைவிடப்பட, வழக்கமாக மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த நால்வருக்கும் சுமார் மூன்று மாதம் கையில் கிடைத்தது. லண்டன் அபே ரோட்டில் இருக்கும் இஎம்ஐ ஸ்டுடியோவுக்கு ஏப்ரல் 6 அன்று வந்தார்கள். ஜூன் 21 அன்று கடைசிப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஜூன் 24 அன்று ஜெர்மனியின் மியூனிக்கில் மேடையில் நின்றார்கள். அந்தச் சுற்றுப்பயணம் முழுவதிலும் 'ரிவால்வர்' ஆல்பத்தின் ஒரு பாட்டைக்கூட அவர்கள் வாசிக்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று சான்பிரான்சிஸ்கோவில் பாடியதோடு சுற்றுப்பயணமே முடிந்துவிட்டது. மேடைக்கு எடுத்துப்போக முடியாத இசையை இங்கே ஸ்டுடியோவில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது இந்த சிடிக்களில் ஒவ்வொரு டிராக்கிலும் தெரிகிறது.

முதல் நாளே பதிவானது 'டுமாரோ நெவர் நோஸ்'. ஆல்பத்தில் கடைசியாக வரும் பாட்டைத்தான் முதலில் செய்திருக்கிறார்கள். அதன் முதல் டேக் செஷன்ஸ் சிடியில் முதலாவதாக இருக்கிறது. பாரமாக, மெதுவாக, தண்ணீருக்கு அடியில் தாளம் தட்டுவது போல. ஒரே ஸ்வரத்தில் நின்று சுழலும் பாட்டு இது. மேற்கத்திய ராக் பாட்டில் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறாமல் இருப்பது விநோதம். தம்புராவின் ஆதார சுருதிக்குப் பழகிய நம் காதுக்கு அது வீட்டு வாசல் போலத்தான். இறுதி வடிவத்தில் தம்புராவே வருகிறது.

அந்த இறுதி வடிவத்தை எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மறுநாள், ஏப்ரல் 7, ஐந்து டேப் வளையங்கள். சின்னச் சின்ன ஒலித்துண்டுகளைப் பதிவு செய்த நாடாவை வெட்டி, முனையோடு முனை ஒட்டி, முடிவில்லாமல் சுற்றுகிற மாதிரி செய்தவை. கட்டடத்தில் இருந்த பல டேப் மெஷின்களில் அவற்றை ஓடவிட்டு, நாடா தொய்ந்துவிடாமல் இருக்க ஊழியர்கள் பென்சிலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கலவை மேசையில் இருப்பவர்கள் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றி இறக்கி எந்தச் சத்தம் எப்போது வர வேண்டும் என்று அந்த நொடியில் தீர்மானித்தார்கள். கடற்பறவை கத்துவது போல வரும் ஒலியும், ஆர்கெஸ்ட்ராவின் ஒரு கார்டு பளிச்சென்று வந்து மறைவதும் எல்லாம் இப்படி விரல் நுனியில் வாசித்தவைதான். மறுபடி அதே போலச் செய்யச் சொன்னால் யாராலும் முடியாது. பெட்டியில் 'மோனோ மிக்ஸ் ஆர்எம் 11' என்று ஒரு டிராக் இருக்கிறதே, அது இந்தப் பாட்டின் இன்னொரு கலவை. ஆரம்பத்தில் அச்சான சில மோனோ இசைத்தட்டுகளில் தவறிப்போய் இடம்பெற்று, பிறகு மாற்றப்பட்டது. ஃபேடர் வேறு இடங்களில் ஏறுகிறது என்பது கூர்ந்து கேட்டால் புரியும்.

லெனனின் குரலுக்கு நடந்ததும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. இரண்டாம் பாதியில் அவர் குரலை லெஸ்லி ஸ்பீக்கருக்குள் விட்டார்கள். ஹாமண்ட் ஆர்கனோடு வரும், உள்ளே கொம்பு சுழலும் ஒலிபெருக்கி அது. அந்த யோசனையைச் செயலாக்கிய ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது வயது 20. அந்த ஆல்பத்தில்தான் அவர் இந்தக் குழுவுக்குத் தலைமை ஒலிப்பதிவாளராக உட்கார்ந்தார். இருபது வயதில் எனக்கு ஒயர் சுற்றத்தான் விட்டிருந்தார்கள்.

முதல் பாதியில் அதே குரல் சற்றே இரட்டித்து ஒலிப்பது இன்னொரு வித்தை. ஒரே வரியை இரண்டு முறை பாடி மேலே மேலே ஏற்றுவது லெனனுக்குப் பெரிய சலிப்பு. ஸ்டுடியோ பொறியாளர் கென் டவுன்சென்ட் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடிக்கொண்டிருக்கும் டேப்பிலிருந்து குரலை எடுத்து இரண்டாவது மெஷினுக்கு அனுப்பி, அந்த மெஷினின் வேகத்தை மெல்ல ஏற்றி இறக்கி, மிகச் சிறிய தாமதத்தோடு மூலக் குரலின் மேல் திரும்ப வைப்பது. பாடுபவர் ஒரு முறை பாடினால் போதும், இருவர் பாடுவது போல வரும். ஏடிடி என்று பெயர் வைத்தார்கள். இன்று என் கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால் வருவதன் வேர் அதுதான். இந்த ஆல்பம் முழுக்க அதைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பூசியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது 'ரெயின்'. இந்தப் பெட்டியில் என்னை உட்கார வைத்த டிராக் இது. ஐந்தாவது டேக்கை அவர்கள் உண்மையில் வாசித்த வேகத்தில் கொடுத்திருக்கிறார்கள், உடனே அடுத்த டிராக்காக, டேப்பை மெதுவாக்கிய பிறகு அது எப்படி ஆனது என்றும் கொடுத்திருக்கிறார்கள். வாசித்த வேகத்தில் அது ஒரு துடிப்பான, கிட்டத்தட்டப் படபடக்கும் பாட்டு. டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோவின் கை அசுர வேகத்தில் போகிறது. மெதுவாக்கியதும் ஸ்நேர் டிரம்மின் அடி தடித்து, சிம்பல் நீண்டு, கிடார் தந்திகள் இரும்புக் கம்பிபோல் கனத்து, பாட்டுக்கு ஒரு உடம்பு வந்துவிடுகிறது. மெதுவாகவே வாசித்திருந்தால் இந்த உடம்பு வராது. வேகமாக வாசித்து மெதுவாக்கினால்தான் உள்ளே அந்தத் துடிப்பும் வெளியே அந்தப் பாரமும் சேர்ந்து நிற்கும். தான் வாசித்ததிலேயே சிறந்தது இது என்று ரிங்கோ பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு டிராக்கையும் அடுத்தடுத்துக் கேட்டபின் மறுக்கத் தோன்றவில்லை. மெக்கார்ட்னியின் பாஸ் கிடாரும் இங்கே அதுவரை எந்த பீட்டில்ஸ் பாட்டிலும் இல்லாத அளவுக்கு முன்னால் வந்து உறுமுகிறது.

'எலனோர் ரிக்பி' பதிவின் நடுவே நடந்த பேச்சை ஒரு தனி டிராக்காகவே வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களுக்கு நன்றி. நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ. பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர்கூட இதில் வாத்தியம் வாசிக்கவில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அந்த எட்டுப் பேரிடமும் தந்தியில் விரலை நடுங்கவிட்டு ஒரு முறை, நடுங்கவிடாமல் ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்கிறார். பிறகு மெக்கார்ட்னியிடம் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்க, பெரிசாகத் தெரியவில்லை என்கிற மாதிரி பதில் வருகிறது. கடைசியில் நடுக்கம் இல்லாத ஒலியே நின்றது. அந்தப் பாட்டின் வறட்சி, யாரும் கண்ணீர் விடாத ஒரு சாவின் வறட்சி, விரல் நடுங்கியிருந்தால் கரைந்துபோயிருக்கும். வழக்கமாக வயலின் குழுவுக்கு மைக்கை உயரத்தில், தள்ளித்தான் வைப்பார்கள். இங்கே எமெரிக் தந்திக்குப் பக்கத்திலேயே வைத்தார். வில் தந்தியைக் கடிக்கும் சத்தம் அதனால் கேட்கிறது. குரலே இல்லாத இரண்டாவது டேக்கை ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள்.

'யெல்லோ சப்மரின்' பற்றி எனக்கு அவ்வளவு மரியாதை இருந்ததில்லை. குழந்தைகளுக்காக மெக்கார்ட்னி எழுதி ரிங்கோ பாடியது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று எல்லோரையும் போல நானும் விட்டுவிட்டிருந்தேன். பெட்டியில் உள்ள வீட்டு டேப்பில் லெனன் தனியாக ஒரு கிடாரோடு உட்கார்ந்து, அதே மெட்டின் சரணத்தைப் பாடுகிறார். பிறந்த ஊரில் தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்று போகிறது. சோகம் அப்பிய குரல். இரண்டாவது டேப்பில் லெனனும் மெக்கார்ட்னியும் சேர்ந்து உட்கார்ந்து, அந்தச் சரணத்தையும் நீர்மூழ்கிக் கப்பல் பல்லவியையும் ஒட்டிப் பார்க்கிறார்கள். தாயைப் பிரிந்து வளர்ந்த ஒருவனின் முனகல் எப்படி ஒரு கூட்டமே சேர்ந்து கத்தும் பாட்டானது என்பது இரண்டு டிராக்கில் கண்முன்னே நடக்கிறது. பிறகு வரும் ஒரு டிராக்கில் சத்தங்கள் மட்டும் தூக்கலாக: தண்ணீர் நிறைந்த தகரத் தொட்டியில் சங்கிலி இழுபடுவது, குமிழி விடுவது, கண்ணாடி டம்ளர்கள் உரசுவது. ரோலிங் ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸ்கூட அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

குழுவின் கிடார் கலைஞர் ஹாரிசனின் 'லவ் யூ டு' முதல் டேக்கில் வெறும் கிடாரும் குரலும்தான். சிதார் வருவதற்கு முன்னால் அந்த மெட்டு கிடாரில் எப்படித் தடுமாறிக்கொண்டு நின்றது என்று கேட்பது நமக்கெல்லாம் சுவாரசியம். ஏழாவது டேக்கில் மெக்கார்ட்னியின் உச்சஸ்தாயி துணைக்குரல் ஒன்று வருகிறது. அழகான குரல். இறுதியில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி. தனிக்குரலும் சிதாரும் தபலாவும் போதும் அந்தப் பாட்டுக்கு. தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை ஆல்பத்தின் அட்டையிலேயே போட்டார்கள். வெளியிலிருந்து வந்து வாசிப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைக்காத மரியாதை அது. 'ஃபார் நோ ஒன்' பாட்டில் பிரெஞ்சு ஹார்ன் வாசித்த ஆலன் சிவிலுக்கும் அந்த இடம் கிடைத்தது. அந்தப் பாட்டின் பின்னணி டிராக் மட்டும் பெட்டியில் இருக்கிறது. மெக்கார்ட்னி, ரிங்கோ இருவர் மட்டுமே வாசித்தது. குரல் இல்லாமல் கேட்டால் அது எவ்வளவு எளிய கட்டுமானம் என்பது தெரியும்.

புதிய ஸ்டீரியோ கலவைக்கு வருகிறேன். ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும் செய்தது. 1966-இல் அவர்களிடம் இருந்தது நான்கு டிராக் டேப் மட்டுமே, அதாவது நான்கு தனித்தனி ஒலித்தடங்கள்தான். 'டாக்ஸ்மேன்' பாட்டில் டிரம்ஸ், பாஸ், கிடார் மூன்றும் ஒரே டிராக்கில் அடைபட்டிருந்தன. பிரிக்க வழியில்லாததால் பழைய ஸ்டீரியோவில் அந்த மூன்றும் ஒரே காதில் கிடக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் தலை ஒரு பக்கம் சாய்கிற உணர்வு வரும். திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் நியூசிலாந்து நிறுவனத்தில் எமில் டி லா ரே தலைமையிலான குழு, கணினிக்குக் கற்றுக்கொடுத்து, ஒரே டிராக்கில் கலந்திருக்கும் வாத்தியங்களைத் தனித்தனியாக உரித்தெடுக்கும் முறையை உருவாக்கியது. அதன் பலனாக டிரம்ஸும் பாஸும் இப்போது நடுவில் ஊன்றி நிற்கின்றன. 'டாக்ஸ்மேன்' முதல் அடியிலேயே மார்பில் இடிக்கிறது. 'ஷீ செட் ஷீ செட்' பாட்டில் ரிங்கோவின் டிரம்ஸை இவ்வளவு தெளிவாக நான் முன்பு கேட்டதில்லை.

ஆனாலும் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு நான் மோனோவைத்தான் போடுவேன். அந்தப் பாட்டுக்கு இடமும் வலமும் தேவையில்லை, எல்லாச் சத்தமும் ஒரே புள்ளியில் மோதிக்கொள்ள வேண்டும். பீட்டில்ஸ் நேரம் செலவழித்து அக்கறையோடு செய்ததும் மோனோ கலவைகளைத்தான். ஸ்டீரியோவை அந்தக் காலத்தில் அவசரத்தில்தான் முடித்தார்கள்.

குறைகள் உண்டு. ஐந்தாவது சிடியில் நான்கே நான்கு டிராக்குகள். ஆல்பமே ஏறக்குறைய 35 நிமிடம்தான், மோனோ சிடியிலேயே அந்த நான்கையும் சேர்த்திருக்க இடம் தாராளமாக இருந்தது. காலியான சிடிக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஒலி நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் வரும் டால்பி அட்மாஸ் கலவை செய்திருக்கிறார்கள், ஆனால் ப்ளூரே பெட்டியில் இல்லை, அதை ஸ்ட்ரீமிங்கில்தான் கேட்க வேண்டும். 'குட் டே சன்ஷைன்' பாட்டுக்கு ஒரு ஒத்திகைத் துண்டுகூட வைக்கவில்லை. 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்' பாட்டுக்கு நான்கு துண்டுகள் வைத்தார்கள், அதில் வைப்ரஃபோன் ஒலிக்கும் ஒத்திகைத் துண்டு அருமை. ஆனால் ஹாரிசன் கிடாரைத் தலைகீழாக யோசித்து வாசித்து, டேப்பைத் திருப்பிப்போட்டுச் சேர்த்த அந்த இடம் எப்படி உருவானது என்று காட்டும் ஒரு நிமிடமாவது இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

புத்தகம் நன்றாக இருக்கிறது. கெவின் ஹவ்லெட்டின் குறிப்புகள் ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த நாளில் என்ன பதிவானது என்று சொல்கின்றன. அட்டைப்படம் வரைந்த கிளாஸ் வூர்மன் அது உருவான கதையைச் சித்திரமாக வரைந்திருக்கும் பக்கங்களும் உண்டு. குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செஷன்ஸ் சிடிக்களைக் கேட்பதுதான் சரியான முறை. வெறுமனே ஓடவிட்டால் பாதி விஷயம் நழுவிப்போகும்.

முழுப் பெட்டிக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு: எல்லா டிராக்குகளும் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன. 'ரெயின்' இரண்டையும், 'யெல்லோ சப்மரின்' வீட்டு டேப் இரண்டையும், 'காட் டு கெட் யூ' மூன்றையும் வரிசையாகக் கேட்டுவிடுங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. பாட்டு எழுதுபவர்கள், இசையமைப்பவர்கள், என்னைப் போல மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் முழுப் பெட்டியையே வாங்குங்கள். எல்பி விருப்பமானவர்களுக்கு நான்கு இசைத்தட்டும் இபி என்ற ஏழு அங்குலச் சிறிய தட்டு ஒன்றுமாகத் தனிப் பெட்டியும் இருக்கிறது. ஆனால் டேக்குக்கு டேக் முன்னும் பின்னும் தாவித் தாவி ஒப்பிடத்தான் இந்தத் தொகுப்பு, அதற்குச் சிடிதான் வசதி.